முதலாம் வருடத்து அறை

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் பெரியநீலாவணையிலிருந்து என் தங்கையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்கு அவள் தெரிவாகியிருக்கிறாள். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய கேள்வி வந்துவிட்டது.

"மாமா, நான் எங்க இருக்கிற? ஹோலுக்குப் போறதா, வெளியில அறை எடுக்கிறதா?"

வீட்டில் ஒரு வாரமாக இதுவே பேச்சாம். விடுதியில் பகிடிவதை இருக்குமே என்று தாய் அஞ்சுகிறாள். வெளியில் அறை எடுத்தால் தெரியாத ஊரில் யார் பொறுப்பு என்று தகப்பன் கேட்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறித் தொலைபேசியை வைத்தேன். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பத்திரிகையில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லியே பிழைத்த எனக்கு, இந்தச் சிறிய கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. காரணம், இதே கேள்விக்கு நான் ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கிழக்கிலங்கைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் குடி தாய்வழியாகவே வருகிறது. மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாக எழுதிக் கொடுத்த பின்னரே பெற்றோர் நிம்மதியாக உறங்குவர். மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில் இரு சமூகங்களுக்கும் பொதுவான இந்த வழமையை விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே எங்களூர் ஆண்மகன் தாய் வீட்டில் வளர்ந்து, மனைவி வீட்டில் மூப்படைகிறான். எங்கே வாழ விரும்புகிறாய் என்று அவனை எவரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவனிடம் மாத்திரம் இடையில் ஒரே ஒரு தடவை அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. எனக்கு அது 1997இல் வந்தது.

பெரியநீலாவணை, கல்முனைக்கு வடக்கே அம்பாறை மாவட்டத்தின் எல்லையில் கடலோரமாக அமைந்த ஊர். கவிஞர் நீலாவணன் பிறந்த ஊர் என்றால் இலக்கிய வாசகர்களுக்கு விளங்கும். தெற்கே தொட்டுக்கொண்டிருப்பது கைத்தறிக்குப் பெயர் போன முஸ்லிம் ஊரான மருதமுனை. ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாது. நீலாவணனின் அணுக்கத்தில் எழுத வந்தவர்களுள் ஒருவர்தான் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான். அப்படியான உறவுகள் இயல்பாக முளைத்த மண் அது.

1990ஆம் ஆண்டு அந்த மண்ணைப் பிளந்தது. ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாத தமிழ் இளைஞர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது கொல்லப்பட்டவர்களும், ஏறாவூரில் கொல்லப்பட்டவர்களும் அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். எண்ணுவதற்கு இரு பக்கத்திலும் அவரவர் இறந்தோர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர முடியாது போன முஸ்லிம் மாணவர்களின் நிலை, 1995-96இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானதற்கு ஒரு காரணமாயிற்று. பல்கலைக்கழகமே பிரிந்து போன காலத்தில் ஓர் அறை எம்மாத்திரம்?

என்னோடு கல்முனையில் ஒரே தனியார் வகுப்பில் உயர்தரம் படித்த மருதமுனை நண்பனும் அவ்வருடம் பேராதனைக்குத் தெரிவானான். அவனுடைய தகப்பனார் கைத்தறி வியாபாரி. கண்டியிலுள்ள புடைவைக் கடை ஒன்றுக்குச் சாரம் அனுப்புகிறவர். அந்தக் கடைக்காரர் மூலம் கெலிஓயாவில், பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில், ஒரு வீட்டின் மேல்மாடி அறை ஏற்பாடாயிற்று. புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முஸ்லிம் பெரியவரின் வீடு. இரண்டு கட்டில், வாடகை பாதிப் பாதி. என் தகப்பனார் மகிழ்ந்து போனார். "ஹாஜியார்ர மகனோட போறதென்டா எனக்குப் பயமில்ல" என்றார்.

ஆனால் அயலூர்ச் சிரேஷ்ட மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். வெளியில் தங்குகிறவனுக்கு எதுவுமே கிடைக்காது என்று விளக்கினார். பழைய குறிப்புகள் கிடைக்காது, குப்பி கிடைக்காது. குப்பி என்பது பரீட்சைக்கு முன்னர் மேல்வகுப்பு மாணவர் இளையவருக்கு இரவிரவாகச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. குப்பி விளக்கின் பெயரால் வந்த சொல். இவையெல்லாம் நியாயமான காரணங்களே. எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி அவர் இன்னொன்றும் சொன்னார்: "அதுவும் அவங்கட வீட்டிலயா?"

அந்த ஒரு வாக்கியமே என் தீர்மானத்தைச் செய்தது. விடுதி நூலகத்துக்கு அருகில், விடுதிக் கட்டணம் சொற்பம், மகாபொலப் பணம் மிச்சமாகும் என்று வீட்டில் அடுக்கினேன். எல்லாம் உண்மை. ஆனால் உள்ளே இருந்தது ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் ஒன்றுதான்.

கல்முனையிலிருந்து அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனோம். சோதனைச் சாவடிகளில் என் அடையாள அட்டையைப் பார்த்து என்னைத் தனியே நிறுத்தி விசாரித்தபோதெல்லாம், அவன் பஸ்ஸில் ஏறாமல் இருவரின் பெட்டிகளையும் காலடியில் வைத்துக்கொண்டு காத்து நின்றான். பஸ் பதினெட்டு வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. "நான் ஹோலுக்குப் போறன் மச்சான்." அவன் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி. மற்றக் கட்டில் சும்மாதானே கிடக்கும்" என்றான்.

பேராதனையை மாணவர் வளாகத்திலேயே வதிந்து கற்கும் பல்கலைக்கழகமாகத் திட்டமிட்டவர் ஐவர் ஜெனிங்ஸ். கொழும்பிலிருந்து 1952இல் அங்கு இடம்பெயர்ந்தபோது, ஒன்றாக உண்டு உறங்கி விவாதித்து வளரும் ஓர் இளைஞர் கூட்டம் அவருடைய மனக்கண்ணில் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த விடுதி வாழ்வின் முதல் வாரங்கள் வேறு விதமாக இருந்தன. தமிழ் மாணவருக்குப் பகிடிவதை தமிழிலேயே நடந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சிலேயே தூஷணம் கேட்டேன். முழங்கால் தோல் உரிந்தது. அந்நியர் வீடு வேண்டாம் என்று என் ஆட்களிடம் ஓடி வந்தவனுக்கு, அடித்தவர்கள் என் ஆட்களே என்பதை ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் எடுத்தன.

இது என் ஒருவனின் கதை அல்ல. 1975இல் இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த முதலாம் வருட மாணவி ஒருத்தி வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாதவளானாள். நான் சேர்ந்த அதே 1997இன் ஒக்டோபரில் பொறியியற்பீடத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். மறு ஆண்டில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

அந்த மரணச் செய்தி பரவிய பின்னரும் எங்கள் விடுதியில் இரவுகள் முற்றாக மாறவில்லை. ஓர் இரவு, மாற்றுச் சேட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கெலிஓயாவுக்கு நடந்தேன். வீதியில் ஆள் நடமாட்டமில்லை. தமிழ் இளைஞன் ஒருவன் இரவில் தனியே நடக்கக்கூடாத காலம் அது. கதவைத் தட்டியபோது பதினொரு மணியாகியிருக்கும். திறந்தவர் அந்தப் பெரியவர். என் முகத்தையும் கிழிந்த காற்சட்டையையும் பார்த்தார். "சாப்பிட்டதா மகன்?" என்று மாத்திரம் கேட்டார். மாடியில் இரண்டாவது கட்டில் விரிப்பு விரித்தபடியே கிடந்தது.

அந்நாட்களில் தமிழர் ஒருவரை வீட்டில் தங்க வைப்பவர், அவர் பெயரைப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வீட்டுக்காரருக்கு வில்லங்கம். பதிந்தாலோ, நாளைக்கு எங்கேனும் குண்டு வெடித்தால் பொலிஸார் முதலில் தேடி வருவது அந்த வீட்டுக்கு. மறுநாள் காலையில் பெரியவர் குடையை எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு பொலிஸுக்கு நடந்தார். இவன் யார் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று பெரியவர் சிங்களத்திலேயே சொல்லிக் கையெழுத்திட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னர் அவருக்கு என் பெயரே தெரியாது.

அந்த அறையில் ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தேன். நண்பன் ஒரு நாளும் பதினெட்டு வளைவுப் பேச்சை எடுக்கவில்லை. விரிவுரைக் குறிப்புகளை அவனும் நானும் மாறிமாறிப் பிரதி பண்ணினோம். நோன்பு மாதம் வந்தது. சஹருக்கு எழும்பும் சத்தத்தில் நானும் விழித்து, அவர்களோடு தேநீர் குடித்துவிட்டுப் படிப்பேன். முதலாம் வருடத்தில் நான் ஒழுங்காகப் படித்த நாட்கள் அவைதாம்.

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் கண்டி தலதா மாளிகையின் வாயிலில் லொறிக் குண்டு வெடித்தது. சுதந்திரப் பொன்விழாவுக்கு இன்னும் பத்து நாட்களே இருந்தன. கண்டியில் நடக்கவிருந்த விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. அன்று மாலையே பொலிஸார் கெலிஓயா வீட்டுக்கு வந்தனர். பதிவேட்டில் என் பெயர் இருந்தது. என்னை இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். என்னைவிட அதிக நேரம் பெரியவரை விசாரித்தார்கள். நோன்பு திறக்கும் வேளை கடந்த பின்னரே அவர் உள்ளே வந்து தண்ணீர் குடித்தார்.

நான் விடுதிக்குத் திரும்பிவிடுகிறேன் என்று அன்றிரவு சொன்னேன். நண்பன் தேவையில்லை என்றான். பெரியவர் சிறிது யோசித்துவிட்டு, "பெருநாள் முடியட்டும் மகன்" என்றார்.

அது அழைப்பா, தவணையா? இன்று வரை எனக்குத் தெரியாது. பெருநாளன்று அவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். அடுத்த நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனேன். பகிடிவதைக் காலம் ஓய்ந்திருந்தது. ஓடிப் போனவன் என்று சிலர் கடைசி வருடம் வரை என்னோடு பேசவில்லை. அப்படிப் பேசாதவர்களால் எனக்கு நட்டம் ஒன்றும் வரவில்லை. குப்பியும் குறிப்பும் வேறு வழியில் கிடைத்தன. ஓய்வு நாட்களில் கெலிஓயாவுக்குப் போய்வந்தேன். பல ஆண்டுகளின் பின்னர் பெரியவர் காலமானபோது எனக்குச் செய்தி கிடைத்தது அடக்கம் முடிந்த பிறகே. ஆகையால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பும் போயிற்று. ஒருவேளை அது தவணையாகவே இருந்தாலும் அவர் மீது எனக்கு ஒரு துளியும் குறையில்லை. பயத்தோடு ஒருவர் எனக்காகக் கையெழுத்திட்டார் என்றால், பயமின்றி இட்டதைவிட அது பெரிது.

நாங்கள் தங்குமிடம் தேடும்போது வாடகையையும் தூரத்தையும் பார்க்கிறோம். உண்மையில் தேர்ந்தெடுப்பது, ஒரு கெட்ட இரவில் நமக்குக் கதவு திறக்கப்போகும் ஆளை. நான் என் இனத்தைப் பார்த்துத் தேர்ந்தேன். எனக்காகத் தன் பெயரைப் பொலிஸ் புத்தகத்தில் எழுதக்கூடியவர் யார் என்று பார்க்கவில்லை. போர் 2009இல் முடிந்தது. என் மருமகளுக்கு அந்தப் பதிவேடு இல்லை. ஆனால் "அவங்கட வீட்டிலயா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் இன்னமும் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

மறுநாள் அவளை அழைத்தேன். விடுதி கிடைத்தால் விடுதிக்கே போ என்றேன். நூலகம் அருகில், சிநேகிதிகள் கிடைப்பார்கள், முதலாம் வருடத்தில் தனி அறையின் தனிமை பொல்லாதது. ஆனால் யாராவது கை வைத்தால், வார்த்தையால் நோகடித்தால், பொறுத்துப் போகாதே. சட்டம் உன் பக்கம், நானும் உன் பக்கம். அத்துடன் முதல் மாதத்திலேயே வளாகத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒரு வீட்டையாவது அறிந்து வைத்துக்கொள். அது யாருடைய வீடு என்று ஊரில் எவரிடமும் கேளாதே. இவ்வளவும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தயங்கினாள். "ஹோல்ல என்ர அறைக்கு ஆர் வருவாங்களோ தெரியாதே மாமா. ஊர்ப் பிள்ளை ஒன்டோட சேத்துத் தரச் சொல்லிக் கேக்கட்டா?"

கேட்க வேண்டாம் என்றேன்.