நீங்கள் கட்டிவிட்ட ஒமேகா



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே, இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இன்று சொல்லப்போகிறேன்.

போன வாரம் துபாயில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"சார், ஒரு ரோலக்ஸ் வாங்கப்போறேன். டேட்ஜஸ்ட். 90கள்ல வந்தது, செகண்ட் ஹேண்ட்தான். நாலரை லட்சம். உங்களுக்கு ஒமேகா வாங்கினோம்லா, அதே ஆள்ட்டதான். நாளைக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் போடணும். உங்க வாட்ச் நல்லா ஓடுதுல்லா சார்?"

"ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. என் வீட்டம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "வெயில்ல கெடந்து சம்பாதிச்ச காசு. சொல்லிருங்க." அன்று ராத்திரியே அவனைத் திரும்பக் கூப்பிட்டு, "அட்வான்ஸ் போடாதலே, ரெண்டு நாள் பொறு" என்றேன். காரணத்தை அப்போதும் சொல்லவில்லை. முதலில் இன்னொருவனிடம் பேச வேண்டியிருந்தது.

போன வருஷம் ஆனிச் சாரலில் 1992 பிளஸ் டூ செட் எல்லாரும் குற்றாலத்தில் கூடியது நினைவிருக்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு என் கையில் ஒரு ஒமேகா சீமாஸ்டரைக் கட்டிவிட்டீர்கள். ஊசல் பாடம் நடத்தும்போதெல்லாம் என் கல்லூரிப் பேராசிரியர் கட்டியிருந்த ஒமேகாவைப் பற்றிச் சொல்வேன், அதைக் காதருகே வைத்துக் கேட்ட கதையைச் சொல்வேன். அதை முப்பது வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருந்தீர்கள். எனக்கோ பணி முழுக்க எச்.எம்.டி. ஜனதாதான். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து பெங்களூரில் தொடங்கி, 2016இல் மத்திய அரசு மூட முடிவெடுத்ததே, அந்த எச்.எம்.டி. அன்றைக்கு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் ஒமேகாவோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாதம், ஆடியில், தூறலில் நனைந்தபடி நம்ம பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மணி பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. மறுநாள் தென்காசியில் நான் வழக்கமாகப் போகும் பாயிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாக வாட்ச் பார்ப்பவர்.

"பழைய வாட்சுக்குள்ள ஆவி போறது அதிசயம் இல்ல சார். வாஷர் செத்திருக்கும்" என்று சொல்லி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சார், ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது" என்றார்.

மூடியின் உட்பக்கத்தை முதலில் காட்டினார். ஒமேகா கம்பெனியின் மூடி என்றால் உள்ளே அவர்கள் முத்திரையும் கூட்டின் மாடல் எண்ணும் பதிந்திருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை, வழுவழுவென்று இருந்தது. அடுத்து மெஷின். செம்பு நிறத்தில் பளபளக்கிறது, ஒமேகா பெயர், 565 என்ற வகை எண், வரிசை எண் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. "மெஷின் ஒமேகாதான் சார். நல்ல மெஷின்." பிறகு டயலை லென்ஸில் என்னையே பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குப் புதுசு போல இருந்த டயலில் ஓர் எழுத்து தடிமன், அடுத்தது மெலிசு. நிமிடக் கோடுகள் சில இடங்களில் பட்டைகளோடு ஒட்டாமல் நிற்கின்றன. முள்ளும் வேறு ஏதோ வாட்சின் முள்.

"மெஷின் வீட்டுக்காரர். மத்தவங்கல்லாம் வாடகைக்கு வந்தவங்க சார்" என்றார் பாய்.

நான் இயற்பியல் வாத்தியார். கேட்டதை அப்படியே நம்பி எழுந்து வர மனம் வரவில்லை. டயலின் அடியில் ஆறு மணிக்குக் கீழே 'டி ஸ்விஸ் மேட் டி' என்று எழுதியிருந்தது. அந்த 'டி' டிரிட்டியத்தைக் குறிப்பது. இருட்டில் ஒளிர்வதற்காக 1960களிலிருந்து 90கள் வரை ஸ்விஸ் வாட்சுகளில் தடவிய கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12.3 வருஷம். நான்கு அரை ஆயுள் என்றால் 49 வருஷம். பதினாறில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். கூடவே கலந்த ஒளிரும் பொடியும் அதற்குள் களைத்துப்போகும். ஆக, 1970 வாக்கில் செய்ததாகச் சொல்லி வாங்கிய வாட்ச் இருட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் பெரிய விஷயம். அன்று ராத்திரி விளக்கை அணைத்துப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று எரிந்தது. டயல் எழுதியவர் பழைய டயலைப் பார்த்து அந்த 'டி'யையும் அப்படியே எழுதியிருக்கிறார். அது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

டயலைத் திரும்ப எழுதுவதே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். கறுத்துப்போன டயலைப் புதிதாக எழுதித் தருவது பழைய காலத்தில் சாதாரண ரிப்பேர் வேலை. மும்பையில் அது இன்றும் ஒரு தொழில். நம் எச்.எம்.டி.களையே சிவப்பு, மஞ்சள், பச்சை டயல் போட்டு அனுப்புகிறார்கள். அதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லாமல், 'முழுக்க ஒரிஜினல்' என்று 85,000 ரூபாய் வாங்கியதுதான் ஏமாற்று. (விலையை நீங்கள் சொல்லவில்லை. எனக்குப் பிறகு தெரிந்தது.)

இதில் உங்களுக்குத் தலைகுனிவு ஒன்றுமில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஓர் ஏலத்தில் 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போனது. எடுத்தது யார் தெரியுமா? ஒமேகா கம்பெனியே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் ஒமேகாவே சொன்னது: அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துச் செய்தது, முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு அதில் தொடர்பு. செய்தவனே தன் சரக்கில் ஏமாந்திருக்கிறான். நாம் எம்மாத்திரம்?

இனி துபாய்த் தம்பிக்கு நான் சொன்னவை. பழைய வாட்ச் வாங்க நினைக்கும் எல்லாருக்கும் பொருந்தும்.

ஒன்று, எண். அந்தக் கால ரோலக்ஸில் செயினைக் கழற்றினால், ஆறு மணிப் பக்கம் இரண்டு காதுகளுக்கு நடுவே வரிசை எண்ணும், பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும் இருக்கும். கூர்மையாக வெட்டிய கோடுகள், வெளிச்சத்தில் மின்னும். அமிலத்தில் அரித்த மாதிரி மங்கிக் கிடந்தால் சந்தேகப்படு. கையில் உள்ள காகிதத்திலும் அதே எண் இருக்கவேண்டும். ஆனால் காகிதத்தை மட்டும் நம்பாதே. வாட்சைவிடக் காகிதத்தை அச்சடிப்பது சுலபம்.

இரண்டு, துடிப்பு. டேட்ஜஸ்ட் மெஷின் மணிக்கு 28,800 துடிப்பு. 3,600ஆல் வகுத்தால் விநாடிக்கு 8. போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்து எண்ணலாம். விநாடிக்கு ஒரே தாவல் என்றால் உள்ளே பேட்டரி மெஷின். அதன் குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிரும், அதாவது 2இன் அடுக்கு 15. பதினைந்து முறை பாதியாக்கினால் ஒரு டிக். பேட்டரி டேட்ஜஸ்ட்டும் ஒரு காலத்தில் வந்ததுண்டு, ஆனால் ஆட்டோமேட்டிக் என்று சொல்லி விற்பதில் பேட்டரி இருக்கக்கூடாது. ஆனால் 8 வந்துவிட்டதாலேயே ஒரிஜினல் என்று ஆகாது. இப்போது வருகிற டூப்ளிகேட்டும் 8 துடிக்கிறது. இந்தச் சோதனையில் தோற்றால் தோற்றதுதான். ஜெயித்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

மூன்று, டயலும் கூடும். வயதுக்கு மீறிப் புதுசாக இருந்தால் ஏன் என்று கேள். விளிம்புகள் மழுங்கியிருந்தால் பல தடவை பாலிஷ் போட்டிருக்கிறார்கள், விலையைக் குறைக்கவேண்டும்.

நான்கு, பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்க்காமல் முடிவு செய்யாதே. தெரிந்தவர்தான் திறக்கவேண்டும். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இரண்டு பேரும் நேரில் சந்தித்து, அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கொடு. அட்வான்ஸ் கிடையாது. வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கு.

ஐந்து, வாட்ச் ஒரிஜினலாகவே இருந்தாலும் அது யாருடையது? மரடோனா வைத்திருந்த ஹூப்ளோ வாட்ச் துபாயிலிருந்து திருடுபோய், 2021 டிசம்பரில் அசாமில் போலீஸ் கையில் கிடைத்தது. விற்பவரின் பெயர், முகவரி, பழைய பில் வேண்டும்.

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து ரோலக்ஸ் கம்பெனியே பழைய வாட்சுகளைச் சோதித்து, இரண்டு வருஷ உத்தரவாதத்தோடு தன் டீலர்கள் சிலர் மூலம் விற்கிறது. விலை கூடத்தான். நிம்மதிக்குக் கொடுக்கிற காசு என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி இதையெல்லாம் எழுதி விற்பவருக்கு அனுப்பினான். செயினைக் கழற்றி எண்ணைக் காட்டுங்கள், மெஷின் படம் அனுப்புங்கள், சர்வீஸ் சென்டரில் சந்திப்போம் என்று. வந்த பதில்: "நம்பிக்கை இருந்தா வாங்குங்க. இல்லன்னா அடுத்த ஆள் ரெடியா இருக்காங்க." அந்த ரோலக்ஸ் ஒரிஜினலாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அவன் வாங்கவில்லை. விடை சரியாக இருந்தாலும் வழிமுறை காட்டாவிட்டால் நான் மார்க் போட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இப்போது மற்ற விஷயம். அவனிடம் காரணம் சொல்வதற்கு முன்னால், உங்கள் எல்லார் பணத்தையும் கொண்டுபோய் சென்னையில் அந்த ஒமேகாவை வாங்கி வந்தவனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டான்: "ஒரு வருஷமா ஏன் சார் சொல்லல?"

அன்போடு கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றேன். அதைப் பெருந்தன்மை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மாதத்தில் என் பெருந்தன்மை இன்னொரு பிள்ளையின் நாலரை லட்சத்துக்கு அருகில் வந்து நின்றது. அன்றே சொல்லியிருந்தால் விற்றவனிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். "என்னைக் காட்டில் உங்க மேலதான் சார் வருத்தம்" என்றான். நியாயம்தான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். குரூப்பில் அவனை யாரும் ஒரு வார்த்தை கேலி பேசக்கூடாது. பேசினால் என்னைப் பேசியதாக எடுத்துக்கொள்வேன்.

சவுதியிலும் துபாயிலும் கிடந்து அப்பாமார் கொண்டுவந்த ராடோ நம் பக்கம் பல வீட்டுப் பீரோவில் இருக்கும். விற்க நினைப்பவர்கள் அவசரப்படவேண்டாம். ஆட்டோமேட்டிக் ராடோ டயலில் சின்ன நங்கூரம் ஒன்று உண்டு. வாட்சைச் சாய்த்தால் அது தானாகச் சுழலும். சுழலவில்லை என்றால் உடனே டூப்ளிகேட் என்று முடிவு கட்டாதீர்கள், எண்ணெய் காய்ந்திருந்தாலும் நிற்கும். பாய் மாதிரி ஒருவரிடம் காட்டுங்கள். படம் அனுப்பினால் நானும் அவரிடம் காட்டிச் சொல்கிறேன்.

ஒமேகா என் கையில்தான் இருக்கிறது. பாய் புது வாஷர் போட்டுக்கொடுத்தார். டயலை மாற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஒன்றரை நிமிஷம் பிந்துகிறது, காலையில் திருத்திக்கொள்கிறேன். இதற்குப் பதிலாக இன்னொன்று வாங்க யாராவது குரூப்பில் பணம் சேர்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த வருஷச் சாரலும் தொடங்கிவிட்டது. வரும்போது சொல்லுங்கள். ஐந்தருவிக்கு நானும் வருகிறேன், வாட்சைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு.