கடகத்தில் வந்த மண்

2010 இல் முகாமிலிருந்து விடத்தல்தீவுப் பக்கம் திரும்பி வந்தபோது எங்கள் வளவில் நிழல் என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பனைகள் பதுங்குகுழிக் குற்றிகளாகப் போயிருந்தன. வேம்பையும் காணவில்லை. பிள்ளைகள் இரண்டோடும் தகரக் கொட்டிலுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

வேப்பங்கொட்டை பொறுக்கிப் பைகளில் போட்டேன். கிணறு தூர்வாரிய அடிமண்ணைத்தான் நிரப்பினேன்; குப்பை இல்லாத துப்புரவான மண் என்று எனக்கு நினைப்பு. முளைத்தவை ஒரு சாணோடு நின்றுவிட்டன. தண்ணீரில் குறை வைக்கவில்லை. ஒருநாள் அந்தப் பைகளுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். கன்றுகளுக்காகத்தான் அழுதேனோ தெரியாது.

மன்னார்த் தீவிலிருந்து வந்த மாமி பார்த்துவிட்டு, "பிள்ளை, இது செத்த மண். கிழட்டு மரத்தடி மண் கொஞ்சம் கொண்டு வா" என்றா. தப்பி நின்ற பழைய வேம்படியில் ஒரு கடகம் மண் அள்ளிவந்து வேரோடு சேர்த்து நட்டோம். மாரியோடு கன்றுகள் நிமிர்ந்தன.

ஏன் என்று பிறகு ஒரு விவசாயப் போதனாசிரியர் சொல்லத்தான் விளங்கிற்று. மரத்தடி மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பங்கசு இழைகள் இருக்கின்றன. அவை வேருக்குள் புகுந்தும் வெளியே பரந்தும், வேர் எட்டாத இடத்துப் பொசுபரசைக் கொண்டுவந்து கொடுக்கும். பங்கசு தானாகச் சமைக்காது. மரம் வெயிலில் ஆக்கிய சீனியில் ஐந்தில் ஒரு பங்கு வரை அதற்குப் போகலாமாம். சீனி மட்டுமல்ல, கொழுப்பும் மரத்திடமிருந்தே போகிறது என்பதை 2017 இல்தான் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள். வாங்கியதைப் பங்கசு வேருக்குள்ளேயே எண்ணெய்த் துளிகளாகச் சேமித்து வைக்கும். நாங்கள் சீட்டுக் கட்டுகிற மாதிரித்தான்! மரத்தடி உக்கலும் என் கன்றுகளுக்கு உதவியிருக்கும், அதையும் சொல்லவேண்டும்.

பனையின் கதை கொஞ்சம் வேறு. விதையில் இருக்கும் சத்தெல்லாம் முதலில் மண்ணுக்குள் இறங்கி மாப்பொருளாகக் கிழங்கில் சேரும். அதைத்தான் நாங்கள் பிடுங்கி ஒடியலாக்கிக் கூழ் காய்ச்சுகிறோம். பிடுங்காமல் விட்டால் அந்தச் சேமிப்பில் குருத்து எழும்பும். வேர் பரந்தபின் பனையும் பங்கசோடு கொடுக்கல் வாங்கல் தொடங்கும். பாத்தியில் பத்துக் கிழங்கைப் பிடுங்காமல் விட்டேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

இப்போது வேம்பு கொட்டிலுக்கு மேலால் போய்விட்டது. போன கிழமை பக்கத்துக் காணிப் பிள்ளை தன் கன்றுகளுக்கு மண் கேட்டு வந்தாள். அள்ளச் சொன்னேன். கடகத்தை மட்டும் மறக்காமல் திருப்பித் தரவேண்டும் என்றேன்.