பயணத்தில் பிள்ளைகளின் செவி



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கின்றனர். ஊருக்குப் போகும் வழியில் பிள்ளை அடங்கி உட்காரவும், படம் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவும், ஓதியது மறந்துவிடாமல் இருக்கவும் எதைக் கேட்கச் செய்யலாம், எந்தக் கருவியை வாங்கலாம் என்பதே அக்கேள்வி. சந்தவாசலிலிருந்து எங்குச் செல்வதாயினும் சாலையில் கணிசமான நேரம் கழியவே செய்யும். வேலூர், திருவண்ணாமலை சாலையில் ஏறினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று செல்லும் பேருந்து. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறினால் வளைவுக்குமேல் வளைவு. எனவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் எதைக் கேட்பது என்று விசாரிக்கும் அளவுக்கு, எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்று எவரும் விசாரிப்பதில்லை. நல்லதைத்தானே கேட்கிறான், சத்தம் கூடினால் என்ன என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் பரவலாக உள்ளது. இவ்வெண்ணத்தைக் குறித்தே நாம் எழுத விரும்புகிறோம்.

அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்வு ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களுடன் சென்ற பயணத்தில், மேட்டில் ஏறியபோது தோழர்கள் உரத்த குரலில் தக்பீர் முழங்கினர். அவர்கள் சொன்னது பாட்டன்று, கேலிப்பேச்சன்று, அல்லாஹ்வின் பெருமை. ஆயினும் நபி (ஸல்) அவர்கள், உங்கள்மீதே இரக்கம் கொள்ளுங்கள் என்றும், நீங்கள் அழைப்பது காது கேளாதவனையோ இங்கு இல்லாதவனையோ அன்று என்றும் பொருள்பட அறிவுறுத்தினார்கள். திக்ருக்கே பயணத்தில் ஓர் ஒலியளவு சொல்லப்பட்டிருக்கும்போது, பிள்ளையின் காதில் நாம் மாட்டிவிடும் கருவிக்கு அளவு வேண்டாமா?

இனி அந்த அளவைப் பற்றிச் சொல்வோம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து வகுத்து 2019-இல் அறிமுகப்படுத்திய பாதுகாப்பான கேட்டல் நெறிமுறையின்படி, பெரியவர்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கோ அதே 40 மணி நேரத்திற்கு 75 டெசிபல்தான். இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகிவிடும். 80-இல் 40 மணி நேரம் என்றால் 83-இல் 20 மணி நேரம். 90-ஐ எட்டினால் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரம்தான். பெரியவர்களுக்கே இவ்வளவு என்றால், வேலூர் வரை போய்த் திரும்பும் ஒரே நாளில் பிள்ளையின் ஒரு வாரப் பங்கு தீர்ந்துவிட வாய்ப்புண்டு.

கடைகளில் விற்கும் பிள்ளைகளுக்கான ஹெட்போன்களின் அட்டையில் 85 டெசிபல் வரம்பு என்று அச்சிட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பயன் இல்லாமல் இல்லை. வரம்பே இல்லாத கருவியைவிட அது மேல். எனினும் 85 என்பது தொழிற்சாலையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெரியவர்களைக் கருதி வகுத்த எண். ஆறு வயதுப் பிள்ளைக்காக வகுத்ததன்று. அட்டையை நம்பி ஒலியை முழுமையாகக் கூட்டிவிடுவது சரியன்று.

இதில் மதரஸா ஆசிரியர்களாகிய நமக்குத் தனிக் கவலையொன்று உண்டு. அதிக ஒலியால் பழுதாவது உட்செவியில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள். அவை ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அப்பழுது எல்லா ஒலிகளையும் ஒன்றாகத் தாக்குவதுமில்லை. பெரும்பாலும் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள், குறிப்பாக 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுப்பகுதி. பேருந்தின் ஆரவாரமும் மனிதர் பேச்சும் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஆகவே குறை வந்தது வீட்டில் எவருக்கும் தெரியாது. ஸீன், ஷீன், ஃபா, மூன்று புள்ளி ஸா போன்ற காற்றொலிகளை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய உதவுவது இந்த உயர் அதிர்வெண் பகுதியே.

தமிழில் எழுதும்போது ஸா, ஸீன், ஸாத் மூன்றுக்கும் 'ஸ' என்னும் ஒரே எழுத்தைத்தான் இடுகிறோம். நம் மாவட்டத்தில் உருது பேசும் குடும்பங்களும் பல. உருதுவில் எழுத்துகள் மூன்றாக இருந்தாலும் நாவில் மூன்றும் ஒன்றே. அரபியில் பாவத்தைக் குறிக்கும் சொல்லையும் பெயரைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: இரண்டும் 'இஸ்ம்' என்றே வரும். முன்னதில் இருப்பது ஸா, பின்னதில் இருப்பது ஸீன். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இவ்வேறுபாட்டை வீட்டுமொழி கற்றுத் தராது. ஏடும் முழுமையாகத் தராது. உஸ்தாதின் வாயிலிருந்து பிள்ளையின் காதுக்குச் செல்வது ஒன்றே வழி. அந்தக் காதைக் குர்ஆன் ஒலிப்பதிவைக் கொண்டே மந்தமாக்கினால் அது எத்தகைய இழப்பு! செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்னும் ஸூரா பனீ இஸ்ராயீலின் எச்சரிக்கையில் முதலில் வருவதும் செவிதான்.

இனிக் கருவிகள். பிள்ளைகள் ஒலியைக் கூட்டுவது பெரும்பாலும் பிடிவாதத்தினால் அன்று. பேருந்தின் இரைச்சலுக்குமேல் கேட்க வேண்டியிருப்பதால்தான். ஆகவே வெளியிரைச்சலை ஓரளவு தடுக்கும் கருவியே பயணத்திற்கு ஏற்றது. காதின் துளைக்குள் செருகும் சிறு இயர்பட்ஸ் பிள்ளைகளின் குறுகிய காதுத் துளையில் சரியாகப் பொருந்துவதில்லை. வலிக்கும், நழுவும், பேருந்து குலுங்கும்போது இருக்கைக்கு அடியில் போய் விழும். சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு அவற்றை அறவே தரலாகாது. காது முழுவதையும் மூடும் மென்பஞ்சு உறையிட்ட, எடை குறைந்த ஹெட்போனே நலம். பிள்ளை தானே மாட்டவும் கழற்றவும் கூடியதாக, தலையை இறுக்காததாக இருக்கட்டும். முக்காடு அணியும் பெண்பிள்ளைகளுக்கு வாங்குமுன் முக்காட்டின்மேல் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். துணி மடிந்து காதில் அழுந்தினால் கால் மணி நேரத்தில் தலைவலி என்பார்கள். இரைச்சலைத் தானே நீக்கும் விலை உயர்ந்த வகை, எஞ்சினின் சீரான உறுமலைக் குறைக்கும். ஹாரனை அவ்வளவாகக் குறைக்காது. வசதியுள்ளோர் வாங்கலாம், மற்றவர்கள் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

கைப்பேசியில் ஒலியை 60 விழுக்காட்டிற்குக் கீழ் வைக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஐபோனிலும் சாம்சங் கைப்பேசிகளிலும் அமைப்புகளுக்குள் சென்றால் ஒலிக்கு மேல்வரம்பு இட முடியும். புறப்படுமுன் வீட்டிலேயே அதைச் செய்துவிடுங்கள். இதைவிட எளிய சோதனையும் உண்டு. ஒரு கை நீள தூரத்தில் அமர்ந்து பிள்ளையைச் சாதாரணக் குரலில் பெயர் சொல்லி அழையுங்கள். திரும்பவில்லையென்றால், அல்லது அவன் கேட்பது உங்கள் காதுக்கும் எட்டினால், குறைத்தேயாக வேண்டும். இருசக்கர வாகனத்தில் முன்னும் பின்னும் பிள்ளைகளை அமர்த்திச் செல்லும்போது எந்தக் கருவியும் வேண்டாம். சாலையைக் கடக்கும்போதும் நிலையத்தில் காத்திருக்கும்போதும் அவ்வாறே.

கருவியே இல்லாமல் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ஓதலைப் போட்டுவிடுவோரும் உளர். பேருந்தில் இருப்போர் எல்லாரும் கேட்டால் நன்மைதானே என்பது அவர்கள் வாதம். இதை நாம் ஏற்பதற்கில்லை. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நபி (ஸல்) அவர்கள், மக்கள் உரக்க ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் ஓதலால் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்று தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அங்கிருந்தவர் அனைவரும் தொழுகையாளிகள்! பேருந்திலோ நோயாளி இருப்பார், இரவுப்பணி முடித்து உறங்குபவர் இருப்பார், வேறு நம்பிக்கை கொண்டவர் இருப்பார். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில் அரசுப் பேருந்துகளில் கைப்பேசியை ஊரறிய ஒலிக்கவிடுவதற்கு உயர்நீதிமன்ற உத்தரவையடுத்து 2021-இல் தடை விதிக்கப்பட்டது. நீதிமன்றம் சொல்லித்தான் நாம் இந்த ஒழுக்கத்தைக் கற்க வேண்டுமா?

எதைக் கேட்பது என்பதற்கு வருவோம். ஓதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் நிதானமான ஓதலைவிட நல்லது சொல்வது கடினம். குர்ஆன் முழுவதும் முதன்முதலாக ஒலிப்பதிவாக வெளிவந்தது, 1961-இல், அவர் குரலில்தான். முஹம்மத் ஸித்தீக் அல்மின்ஷாவீ அவர்களின் ஓதலைச் சிறுவர்கள் திரும்பச் சொல்லும் பதிவும் பிள்ளைகளுக்கு மிகப் பிடிக்கும். ஒன்று மட்டும்: ஹெட்போனை மாட்டியபடி பிள்ளை திருப்பி ஓதும்போது தன் குரலின் உயரம் அவனுக்குத் தெரியாது, முழுப் பேருந்தும் திரும்பிப் பார்க்கும். ஒரு பக்கக் காதைத் திறந்துவைக்கப் பழக்குங்கள். மலைப்பாதையில் இணையத் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். வேண்டியவற்றை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குர்ஆனை நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, பிள்ளை முறுக்குத் தின்றுகொண்டும் தம்பியுடன் சண்டையிட்டுக்கொண்டும் இருப்பதை நாம் விரும்பவில்லை. ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்கும்படி ஸூரா அல்அஃராஃபில் கட்டளை உள்ளது. பின்னணி இரைச்சலாகக் குர்ஆன் ஒலிப்பதற்குப் பழகிய பிள்ளைக்கு, தொழுகையிலும் அது பின்னணியாகிவிடும். பத்து நிமிடம் முழுக் கவனத்துடன் கேட்கட்டும். பிறகு நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கட்டும். அடுத்து நபிமார்கள் வரலாறு, ஸஹாபாக்கள் கதை என்று மாறலாம். வளைகுடாவில் பணிபுரியும் தந்தையரிடம் நாம் சொல்வதுண்டு: வாட்ஸ்அப்பில் நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பகுதி பகுதியாக உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத ஒலிப்பதிவு அது.

கைப்பேசித் திரையைவிடச் செவிக்குரியதே மலைப்பயணத்திற்கு ஏற்றது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. உடல் அசைவதை உட்செவி உணர்கிறது. திரையில் பதிந்த கண்ணோ அசைவில்லை என்கிறது. இம்முரண்பாடே குமட்டலுக்கும் வாந்திக்கும் காரணம். கண் தொலைவில் உள்ள குன்றைப் பார்த்திருக்க, காது கதை கேட்டிருந்தால் தொல்லை குறையும்.

பயணத்தில் இசைவான குரலைக் கேட்பது நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. கைபர் செல்லும் வழியில் ஆமிர் இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் ஒட்டகங்களை ஓட்டிப் பாடியபோது நபி (ஸல்) அவர்கள் யார் என விசாரித்து அவருக்காக துஆச் செய்தார்கள். மற்றொரு பயணத்தில் அன்ஜஷா (ரலி) அவர்களின் பாட்டுக்கு ஒட்டகங்கள் விரைந்தபோது, அவற்றின்மேல் இருந்த பெண்களைக் கண்ணாடிக் கலங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாகச் செல் என்றார்கள். பாட்டை நிறுத்தும்படி சொல்லவில்லை; சுமந்து செல்லப்படுவோரின் மென்மையை நினைவூட்டினார்கள்.

கருவி எதுவும் இல்லாத வழியும் உண்டு. மேடேறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வோம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஜவ்வாது மலைச் சாலையில் இதைப் பிள்ளைகளுடன் செய்து பாருங்கள். வண்டி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கவனிப்பதே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும்; ஏறும்போது அடைத்துக்கொள்ளும் காது, வாய் திறந்து சொல்வதாலும் எச்சில் விழுங்குவதாலும் விடுபடும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் குரல் போதும். இறங்கி முடிவதற்குள் சிறியவர்கள் உறங்கிவிடுவார்கள். அப்போது ஹெட்போன் தலையில் இருந்தால் எழுப்பாமல் கழற்றி, அணைத்து, பைக்குள் வைத்துவிடுங்கள்.