பயாலஜி கேட்டவளுக்கு மூணாவது குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பழவேற்காடு ஏரிக்கரைச் சேரிகளுக்குப் போய்விடுவேன். யார் எந்த குரூப் எடுக்கப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்பதுதான் வேலை. நீட்டைப் பற்றி மேடையில் நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் நீட் வரைக்கும் வருவதே இல்லை. 15 வயதில், பதினோராம் வகுப்பு அட்மிஷன் படிவத்திலேயே அவர்கள் டாக்டர் கனவு முடித்து வைக்கப்படுகிறது.

போன முறை ஒரு பெண். அறிவியலில் நல்ல மார்க். குடும்பத்துக்கு ஏரியில் பாடு உரிமை கிடையாது. (எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பேர். பரம்பரை மீனவச் சாதியின் சில குப்பங்களுக்குத்தான் அந்தச் சீட்டில் இடம்.) அவள் பயாலஜி கேட்டிருக்கிறாள். "உங்களுக்கெல்லாம் கெமிஸ்ட்ரி வராதும்மா, மூணாவது குரூப் எடு" என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கெல்லாம்! மறுநாள் அவள் அம்மாவோடு போய், சீட் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம். எழுதித் தர யாரும் தயாராக இல்லை. சீட் கிடைத்தது.

எம்.பி.பி.எஸ். சேர பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலமும் கட்டாயம். அந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து நமக்கு 40 சதவீதம் போதும், பொதுப் பிரிவுக்கு 50. கம்ப்யூட்டர் குரூப்பும் அறிவியல்தானே என்று சேர்பவர்கள் கவனியுங்கள், அதில் உயிரியல் கிடையாது. விட்டுப்போன உயிரியலைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் ஏற்போம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போய்விட்ட பெண்ணிடம் இந்தச் செய்தியை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

இன்னொரு பொறி ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் வரும். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது. அதே பாடப்புத்தகம், அதே ஏழைப் பிள்ளைகள். பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே சேர்க்கும் பெற்றோருக்கு இது தெரிவதில்லை.

அனிதாவை நினைத்துப் பாருங்கள். குழுமூர்ச் சுமைத் தொழிலாளியின் மகள். 1200க்கு 1176. பழைய முறையில் கட்-ஆஃப் 196.75. கேட்ட பாடத் தகுதி எல்லாமே அவரிடம் இருந்தது. நீட்டில் 720க்கு 86 என்ற ஒரே எண் அத்தனையையும் அழித்தது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அவர் பிளஸ் டூ படித்தது தனியார் பள்ளியில். இன்று இருந்திருந்தாலும் இந்த 7.5 சதவீதத்துக்குள் அவர் வந்திருக்க மாட்டார்.

ஊருக்குப் போகும் மாணவத் தோழர்கள் இரண்டு வீடுகளைக் கேட்டு வையுங்கள்: ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருக்கிற வீடு, பத்து முடித்த பிள்ளை இருக்கிற வீடு. ஜூனுக்கு முன்னால் போங்கள்.