9.3 மதிப்பெண் வாங்கிய துக்கம்

அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவெல்’ ஆல்பம் 2015 மார்ச் இறுதியில் வெளிவந்தது. கேரி அவருடைய அம்மா. மகனுக்கு ஒரு வயதானபோது வீட்டைவிட்டுப் போனவர். மனநோயோடும் குடியோடும் போராடி, 2012 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். லோவெல், கேரி பிறகு மணந்தவர். 2010இல் ‘தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்’ஸில் மின்னணு ஓசைகளைக் கொட்டிக் குவித்த சுஃப்யான், இதில் பெரும்பாலும் கிட்டாரோடும் பாஞ்சோவோடும் கிசுகிசுக்கிறார். டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லை.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பிட்ச்ஃபோர்க் 9.3 கொடுத்தது. எல்லோரும் பாராட்டியது அதன் நேர்மையை.

நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணோடுதான் எனக்குத் தினமும் மல்லுக்கட்டு. ஓர் எண்ணை நம்புவதற்கு முன் நாங்கள் கேட்பது இரண்டு கேள்விகள். எதை அளந்தாய்? இன்னொருத்தர் அளந்தாலும் இதே எண் வருமா? இந்த 9.3 எதை அளந்தது? மெட்டையா, குரலையா, இல்ல ஒருத்தர் அம்மாவைப் பறிகொடுத்ததையா? மூன்றாவதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. பிட்ச்ஃபோர்க்கிடமும் இருக்காது.

2025இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது சுஃப்யானே எதிர்த்தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த ஆல்பத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறதாம். கலையாக இது ஒரு தோல்வியாம். அர்த்தமே இல்லாத ஒன்றுக்கு அர்த்தம் தேடியதாகவும், அம்மாவின் வாழ்வைப் பற்றியோ சாவைப் பற்றியோ பேசத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொன்னார்.

இதை வெறும் தன்னடக்கம் என்று தள்ள முடியவில்லை. ‘ஃபோர்த் ஆஃப் ஜூலை’ பாடலைக் கேளுங்கள். அதில் இறந்துபோன அம்மா மகனோடு பேசுகிறார், செல்லப் பெயர்கள் சொல்லிக் கொஞ்சுகிறார். ஆனால் அத்தனையும் மகன் எழுதிய வசனம். அவருக்குக் கிடைக்காத அம்மாவை அவரே எழுதிக்கொள்கிறார். நேர்மை என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சிக்கல் கண்ணில் படாது.

2019இல் என் அப்பா இறந்தார். லோரி ஓட்டியவர், வீட்டில் அதிகம் பேசாதவர். அந்த வருஷம் முழுக்க நைட் ஷிஃப்ட் முடிந்து பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது காரில் ஓடியது இந்த ஆல்பம்தான். அப்பாவைப் பற்றி எழுதேன் என்றார்கள் நண்பர்கள். அம்மாவிடம் சொன்னேன். “அவரு மனசுல என்னா இருந்துச்சின்னு எனக்கே தெரியாதுடா. நீ என்னான்னு எழுதுவ?” என்று கேட்டார்.

நான் படித்த எந்த விமர்சனமும் சுஃப்யானிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நம் பக்கமும் அப்படித்தான். அம்மாவைப் பற்றி ஒரு கவிதை வந்தால் ‘கண் கலங்கிவிட்டது’ என்று எழுதிவிட்டு நகர்கிறோம். கலங்கியது உண்மைதான். ஆனால் அந்தக் கவிதையில் அம்மா ஒரு மனுஷியாக இருக்கிறாரா, பிள்ளையின் துக்கத்துக்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறாரா என்று பார்ப்பதும் விமர்சகரின் வேலை இல்லையா?

தோல்வி என்று சுஃப்யான் சொன்னதை நான் ஏற்கிறேன். கடைசிவரை கேரி யார் என்று நமக்குப் பிடிபடுவதில்லை. சில கோடை விடுமுறைகளில் மட்டும் அம்மாவோடு இருந்த பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தத் தெரியாமை ஆல்பம் முழுக்கக் கேட்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.