"டாக்டர், அம்மாவிடம் சொல்லுங்கள்"

மார்ச் 5, 2024. செவ்வாய்

இன்று நிபுணர் பேசியதெல்லாம் என்னிடம்தான். இடது கன்னத்தின் உட்புறம் இருப்பது புற்று, சதைப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது, கழுத்தில் ஒரு நெறிக்கட்டியும் தடித்திருக்கிறது, அறுவை செய்ய வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில், வேகமாக. யாருடைய வாயைப் பற்றிய பேச்சோ அவர் சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடியபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை டாக்டர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அம்மா, "என்னம்மா சொன்னாரு?" என்றார். புற்று என்ற சொல்லோடு சேர்த்தே சொன்னேன். "தெரியும். வெத்தலப் புண்ணு இவ்வளவு நாளு ஆறாம இருக்காது" என்றார்.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிக்கை வெளியிட்டது. பினாங்கின் சுங்கை பினாங் ஃபிளாட்டில் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியிடமும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் வருவது இந்தியப் பெண்களுக்கு. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்தால், எல்லா வகைப் புற்றுகளையும் சேர்த்து, நூற்றில் 63 பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். கோபம் வருகிறது.

மார்ச் 6. புதன்

பட்டர்வொர்த்திலிருந்து மாமா ஃபெரி ஏறி வந்துவிட்டார். மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அக்காகிட்ட பேரச் சொல்லாத. டாக்டர்கிட்டயும் சொல்லி வச்சிடு. மனசு ஒடிஞ்சிடும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்காமேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனாலும் ஒப்ப முடியவில்லை.

ஃபூ ஃபியோ நா என்ற பெண்ணின் வழக்கைச் சொன்னேன். 1982இல் கார் விபத்தில் கழுத்து எலும்பு விலகி, அறுவைக்குப் பிறகு கைகால் செயலிழந்தவர். ஆபத்து இருக்கிறதென்று தனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்று நீதிமன்றம் போனார். 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: நோயாளிக்கு எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவு செய்ய முடியாது. அதற்காக ஒரு பெண் இருபத்து நான்கு வருடம் காத்திருந்தார். அவர் வாங்கித் தந்ததை அம்மாவிடமிருந்து நாமே பறிக்கலாமா, மாமா?

மாமா பதில் சொல்லாமல் உள்ளே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 12. செவ்வாய்

ரமலான் நோன்பின் முதல் நாள். கிளினிக்கில் கூட்டம் குறைவு. கேள்விகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிப் போயிருந்தேன். முதல் கேள்வி மட்டும் அம்மாவுடையது. அதை அவரே கேட்பார் என்றேன்.

"டாக்டர், அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்கு மலாய் தெரியும். ஹொக்கியன் அதைவிட நன்றாகத் தெரியும்."

டாக்டர் பினாங்குக்காரர். நாற்காலியைத் திருப்பினார். ஃபிளாட்டுக்குக் கீழே இத்தனை வருடம் இடியப்பம் விற்ற அம்மா, சீனப் பாட்டிகளிடம் விலை பேசிய அதே ஹொக்கியனில் கேட்டார்: அறுவைக்கப்புறம் நான் பேசினால் மற்றவர்களுக்குப் புரியுமா?

இந்த மனிதரா போன வாரம் ஐந்தே நிமிடத்தில் எங்களை அனுப்பியவர் என்று ஆச்சரியமாக இருந்தது. படம் வரைந்து காட்டினார். நாக்கைத் தொட மாட்டோம், கன்னச் சதையை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோலும் சதையும் வைத்துத் தைப்போம், முதலில் பேச்சு குழறும், பயிற்சியில் தெளியும், வாய் முன்போல அகலத் திறக்காமல் போகலாம். அம்மா படத்தைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு என் கேள்விகள். முக்கியமானது பல். அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால், அது பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகக்கூடும். பிடுங்க வேண்டியதை முன்பே பிடுங்கிக் காயம் ஆறவிட வேண்டும். ஆடும் பற்களை அறுவையின்போதே எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பல் டாக்டருக்கு அங்கேயே சீட்டு எழுதினார். கேட்காமல் விட்டிருந்தால் நடந்திருக்குமா, தெரியாது.

இரவு அதுல் கவாண்டேயின் 'பீயிங் மோர்ட்டல்' புத்தகம் நினைவுக்கு வந்தது. அவர் அப்பாவுக்குத் தண்டுவடத்தில் கட்டி. அப்பா, அம்மா, மகன் மூவரும் டாக்டர்கள். ஒரு நிபுணர் உடனே அறுவை என்றார், கேள்வி கேட்டால் எரிச்சல்பட்டார். எட்வர்ட் பென்செல் என்ற இன்னொருவர், அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்பதைப் பொறுமையாகக் கேட்டார். கத்தி பிடிக்கும் கை போய்விடுமோ என்பதுதான் அறுவை மருத்துவரான அப்பாவின் பயம். பென்செலையே தேர்ந்தெடுத்தார், அறுவையையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார். மூன்று டாக்டர்கள் இருந்த வீட்டுக்கே தன்னிடம் கேட்டுப் பேசும் ஒருவர் வேண்டியிருந்தது என்றால், இடியப்பக்காரி எதற்குத் தயங்க வேண்டும்?

மார்ச் 28. வியாழன்

செவ்வாயன்று அறுவை முடிந்தது. மூக்கில் குழாய். பேச முடியாததால் நோட்டில் எழுதுகிறார். தமிழ்ப்பள்ளிக் கையெழுத்து இன்னும் முத்து முத்தாக இருக்கிறது. இரவு வலி அதிகமென்று எழுதியதை நர்ஸிடம் காட்டினேன். மருந்து நேரம் மாறியது.

ஏப்ரல் 17. புதன்

பெருநாள் விடுமுறை முடிந்து திசுப் பரிசோதனை முடிவு வந்தது. கன்னத்தில் ஓரம் சுத்தம். ஆனால் கழுத்தின் ஒரு நிணநீர் முடிச்சில் புற்று அதன் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது. அப்படியானால் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்ப்பது வழக்கம். 2004இல் வெளியான ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் இரண்டும் அதைத்தான் காட்டின என்றார் புற்றுநோய் நிபுணர். இவர் புதியவர், இளையவர், முதல் வார்த்தையிலிருந்தே அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

நான் அம்மாவின் சர்க்கரை நோய்ப் புத்தகத்தை நீட்டினேன். அது வேறு கிளினிக்கில் பார்ப்பது. அந்த எண்கள் இந்த ஆஸ்பத்திரிக் கணினியில் இல்லை. மூன்று வருடமாகச் சிறுநீரகத்தின் செயல்பாடு படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னார். "இந்த மருந்து கிட்னியை இன்னும் கெடுக்கும், ஆன்ட்டி. கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் பலன் கொஞ்சம் குறையும். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மலாயில் கேட்டார்.

அம்மா நோட்டை எடுக்கவில்லை. குழறிக் குழறி வாயாலேயே சொன்னார். "டயாலிசிஸ் வேணாம். கதிர் மட்டும்."

எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன். ஆனால் முடிவு என்னுடையதல்ல.

அறுவைக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்க வேண்டும் என்று படித்திருந்தேன். பெருநாளால் பட்டியல் நீண்டிருந்தது. மே 7க்குள் தேதி கேட்டேன். முதலில் இல்லை என்று தலையசைத்தார்கள், பிறகு தேடினார்கள், மே 6 கிடைத்தது.

மே 6. திங்கள்

தொடங்கிவிட்டது. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பேகா பி40 திட்டத்தின் படிவத்தை மாமா எடுத்து வந்தார். தகுதியுள்ள குடும்பத்தில் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட், போக்குவரத்துக்கும் உதவி உண்டு. கையெழுத்து அம்மா போட்டார். வியாழன்தோறும் எடை பார்ப்பார்கள். எடை சரிந்தால் வயிற்றில் குழாய் வைப்பதா என்பதை அப்போது அவரிடமே கேட்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். வியாழனுக்கான கேள்விகளை அம்மா இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் கேள்வி ரசம் குடிக்கலாமா என்பது.