மூக்குத்துண்டு சொல்லும் கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் எல்லை தொடங்கியதுமே ரசாயன நெடி பேருந்துக்குள் ஏறிவிடும். உப்பனாற்றங்கரையின் இந்தத் தொழிற்பேட்டையை மருந்து, சாய, பூச்சிக்கொல்லி ஆலைகளை வைத்துத்தான் வெளியுலகம் அறியும். நான் பார்க்கப் போனது ஓர் அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் பிரஸ். ஜன்னல் சட்டமும் கதவுச் சட்டமும் செய்யும் ‘செக்‌ஷன்’கள் அதிலிருந்துதான் வருகின்றன.

உருளையாக வார்த்த அலுமினியக் கட்டைக்குப் பில்லட் என்று பெயர். பெரும்பாலும் 6063 கலவை. கொஞ்சம் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்தது. அதை 450 டிகிரி அளவுக்குச் சூடேற்றி கன்டெய்னருக்குள் தள்ளுகிறார்கள். பின்னாலிருந்து ஹைட்ராலிக் தண்டு நெருக்க, எஃகு டையின் துளை வழியே உலோகம் நீண்டு வெளியேறுகிறது. உருகாமல், கெட்டியாக இருந்தபடியே. முறுக்கு உரல் மாதிரிதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் முறுக்கு, நடுவே ஓட்டையுள்ள பெட்டிக் குழாயாக வராது. இங்கே வரும். டைக்குள் உலோகம் பிரிந்து, நடுவில் நிற்கும் எஃகு முளையைச் சுற்றிக்கொண்டு, காற்றுப் படாமலே மறுபடி ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறது. குழாயை அறுத்துப் பார்த்தாலும் ஒட்டிய இடம் வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

“சூட்டை ஏத்தினா இன்னும் சீக்கிரம் ஓடாதாண்ணே?” என்று ஆபரேட்டரைக் கேட்டேன்.

“புதுசா வர்ற பசங்களும் அப்படித்தான் சார் நெனைக்கிறாங்க. ஏத்தினா மேல் கிழிஞ்சிரும். அப்புறம் வேகத்தைக் கொறைச்சுத்தான் ஓட்டணும்.”

காரணம் எளிது. நெருக்குவதும் உராய்வதுமே சூட்டைக் கூட்டுகின்றன. டையை விட்டு வெளியே வரும்போது செக்‌ஷன் 500 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். அப்போதுதான் மெக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைந்து நிற்கும். அதற்கு மேல் அதிகம் போனால் ஓரம் கிழியும், பரப்பில் கோடு விழும். ஆக, பில்லட்டைத் தேவைக்கு மேல் சுடாமல் விட்டால் வேகத்தைக் கூட்ட இடம் கிடைக்கிறது. கிடைக்க வேண்டிய சூட்டின் ஒரு பங்கை பிரஸ்ஸே உண்டாக்கிக்கொள்ளும்.

இன்னொரு கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். ஒரு பில்லட் முடிந்ததும் மிச்சமிருக்கும் ‘பட்’டை வெட்டித் தள்ளி, அடுத்ததை ஏற்றி, மறுபடி நெருக்கும்வரை உலோகம் நகராது. அந்த வெற்று நேரத்தில் 20 நொடியைக் குறைத்தால், மணிக்கு 30 பில்லட் ஓடும் இடத்தில் 10 நிமிடம் மிச்சம். 8 மணி நேர ஷிப்டுக்கு 80 நிமிடம். புது இயந்திரம் எதுவும் வேண்டாம். பில்லட் தயாராக நிற்கவேண்டும், எண்ணெய் ஒழுகக் கூடாது, கத்தி கூராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது டை கரெக்டரின் மேசை. டையை மாற்றியதும் முதலில் வெளிவரும் நுனியை ஓரடி அறுத்துக்கொண்டுவந்து அவரிடம் கொடுக்கிறார்கள். அதற்கு மூக்குத்துண்டு என்று பேர். அன்று வந்ததில் இடது இறகு வலதைவிட விரலளவு முந்தியிருந்தது. “இந்தப் பக்கம் ஓடுது, அந்தப் பக்கம் இழுக்குது” என்றார். டையின் துளைக்குள் உலோகம் உரசிச் செல்லும் குறுகிய பட்டைக்கு பேரிங் என்று பெயர். அது நீண்டால் ஓட்டம் மெதுவாகும், குறுகினால் வேகம் கூடும். பின்தங்கிய பக்கத்தில் அரத்தை வைத்து நாலு இழுப்பு இழுத்தார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் இரண்டு இழுப்பு. அடுத்த மூக்கு நேராக வந்தது. ராவியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால்தான் அந்தக் கை அவ்வளவு தயங்கித் தயங்கி நகர்ந்தது.

மேசைக்குப் பக்கத்திலேயே காஸ்டிக் தொட்டி. துளையில் சிக்கிய அலுமினியத்தைச் சூடான காஸ்டிக் கரைத்துவிடும். எஃகை ஒன்றும் செய்யாது. ஹைட்ரஜனோடு சேர்ந்து கண்ணை எரிக்கும் ஆவி கிளம்பும். தொட்டிக்கு மேல் ஆவியை இழுத்துப்போகும் விசிறி பழுதாகிக் கிடந்தால், அன்றைக்கு டை கழுவவே கூடாது. உற்பத்தி அவசரம் என்பது இதற்குப் பதிலாகாது.

மின்சாரம் போனால் பிரஸ் படும் பாட்டைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் உயர்ந்தது. பாதி நெருக்கலில் நின்றால் கன்டெய்னருக்குள் பில்லட் ஆறிப்போகும். அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலையும், அதற்கடுத்த மின்வெட்டுக் காலத்தையும் கடலூர்க்காரர்கள் மறக்கவில்லை.

வெளியே வந்த செக்‌ஷனை விசிறியில் ஆற்றி, ஸ்ட்ரெச்சரில் இரு முனையையும் பிடித்து இழுத்து நேராக்கி, அறுத்து, 180 டிகிரி அளவில் சில மணி நேரம் ஏஜிங் அடுப்பில் வைக்கிறார்கள். வலு ஏறுவது அங்கேதான்.

அறுத்த முனைகளும் பட்டும் ஸ்கிராப்பாக வார்ப்புக்குத் திரும்புகின்றன. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். சேர்வராயன், கொல்லிமலை பாக்சைட்டை வைத்து 1965-இல் மேட்டூரில் தொடங்கிய மால்கோவின் உருக்காலை 2008-இல் நின்றதற்கு மின்செலவும் ஒரு காரணம். பழைய அலுமினியத்தை உருக்க, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் 20-இல் ஒரு பங்கு போதும். ஆனால் கெட்டுப்போன செக்‌ஷனில் பிரஸ் போட்ட உழைப்பும் அடுப்பு குடித்த எரிபொருளும் திரும்பாது. ஸ்கிராப்தான் மறுபடி உருகுகிறதே என்று அலட்சியமாக இருக்கும் முதலாளிகளிடம் இதை விடாமல் சொல்லவேண்டும்.

டை கரெக்டர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். டை எண், எந்தப் பக்கம் ராவினார், அடுத்த ஓட்டம் எப்படி வந்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். அந்த வேலைக்குத் தனிச் சம்பளப் படி கேட்டு இருவருமே காத்திருக்கிறார்கள். பிரஸ்ஸின் டன் கணக்கைப் பலகையில் பெரிதாக எழுதும் நிர்வாகம் அந்தப் படியை இந்த ஆண்டே கொடுக்கலாம்.